சிரிப்புக்குத் தனிக் காசு

அந்த உணவகத்தில் பரிமாறுகிறவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். ஆனால் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருகிறவர்களில் பாதிப் பேர், நின்ற இடத்திலிருந்தே கழுத்தை நீட்டி ஒருத்தியைத்தான் தேடுவார்கள். அவள் எந்தப் பக்கத்து மேஜைகளைப் பார்த்துக்கொள்கிறாளோ, அந்தப் பக்கமாகப் போய் உட்காருவார்கள். அவளைச் சிரிப்பக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு ஏதோ இருந்தது. அது அவளுக்கே எப்போதாவதுதான் ஞாபகம் வரும்.

அழகி என்று சொல்ல முடியாது. நாற்பதைத் தாண்டியவள், பூசினாற்போல் உடம்பு, முன்பல் ஒன்று லேசாகத் தெற்றிக்கொண்டு நிற்கும். ஆனால் அவள் சிரிக்கும்போது எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் தான் பெரிய கெட்டிக்காரன் என்று தோன்றிவிடும். சூப்பில் உப்பு கூடிவிட்டது என்று முகத்தைச் சுளிக்கிறவரிடம், “உங்க நாக்கை ஏமாத்த முடியுமா சார்?” என்று ஒரு சிரிப்பு. குழந்தை தண்ணீர் டம்ளரைக் கவிழ்த்துவிட்டால், “மேஜைக்கும் தாகம் எடுக்காதா?” என்று ஒரு சிரிப்பு. எழுந்து போகிறவர்கள் பில் தட்டில் சில்லறையை மட்டும் விட்டுவிட்டுப் போவார்களா? நோட்டாகவே வைத்துவிட்டுப் போனார்கள்.

இதில் அவளுக்கு ஒளிவுமறைவு கிடையாது. கூட வேலை பார்க்கிற பையன் ஒருவன் இருந்தான். ஆமை வேகத்தில் நடப்பான் என்பதால் அவனுக்குப் ‘புயல்’ என்று பெயர். அவன் ஒரு நாள், “எப்படிக்கா உங்களுக்கு எந்நேரமும் சிரிப்பு வருது?” என்று கேட்டான்.

“வருதா? வரவழைக்கிறேன்டா. தட்டைத் தூக்கறது கை வேலை, நடக்கறது கால் வேலை, இது வாய் வேலை. முதலாளி ரெண்டுக்குத்தான் சம்பளம் தர்றாரு. மூணாவதுக்கு நானே வசூல் பண்ணிக்கறேன்.”

அந்த வசூலில் பெரும்புள்ளி, எதிர்வரிசையில் டிரைவிங் ஸ்கூல் நடத்தும் மனிதர். வழுக்கைத் தலை, வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் எப்போதும் ஒரு விசில். மதியம் தவறாமல் வந்துவிடுவார். வண்டி பழகுகிறவர்கள் இரண்டு பேரையாவது கூட்டிக்கொண்டு வருவார். வந்து உட்கார்ந்ததும் ஜோக் சொல்வார். அவரிடம் ஒரு கைப்பிடி ஜோக்குகள்தான் இருந்தன. அவற்றையே மாற்றி மாற்றிச் சொல்வார்.

“நேத்து ஒருத்தர் வந்தாரும்மா. வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி கண்ணாடியைப் பாருங்கன்னேன். பார்த்தாரு. பார்த்துட்டு, ‘சீப்பு இருக்கா சார்?’ங்கறாரு!”

அந்த ‘நேத்து’ பல வருஷங்களாக நேற்றாகவே இருந்தது. சிரிப்பக்கா ‘சீப்பு’ என்ற சொல் வரும்வரை கண்ணை அகல விரித்து வைத்திருப்பாள். வந்ததும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு குலுங்கிச் சிரிப்பாள். மனிதருக்கு உச்சி குளிர்ந்துவிடும். போகும்போது டம்ளருக்கு அடியில் ஒரு முழு நோட்டு இருக்கும்.

எல்லாம் நன்றாகவே போய்க்கொண்டிருந்திருக்கும், சமையலறையில் அவளுடைய நாத்தனார் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால்.

நாத்தனார் என்றால் புருஷனுடைய சொந்தத் தங்கை. வீட்டுக்காரன் கப்பலில் வேலைக்குப் போய்விட, சும்மா இருக்கப் பிடிக்காமல் வேலை தேடியவளை இந்த உணவகத்தில் சேர்த்துவிட்டதே சிரிப்பக்காதான். நல்ல கைப்பக்குவம் உள்ளவள். சேர்ந்த இரண்டே வருஷத்தில் தலைமைச் சமையல்காரி ஆகிவிட்டாள். அவள் பொரிக்கும் மீனுக்காகவே ஊரின் அந்தக் கோடியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஒரே கட்டடத்தில் அண்ணி மேல் மாடி, நாத்தனார் கீழ் மாடி. காலையில் ஒன்றாகப் பஸ் ஏறுவார்கள், பொழுது சாயும்போது ஒன்றாகத் திரும்புவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பெரிய குடும்பம் ஒன்று வந்து மூன்று மேஜைகளைச் சேர்த்துப் போட்டுச் சாப்பிட்டது. மீனை இரண்டு தடவை கேட்டு வாங்கினார்கள். எழுந்திருக்கும்போது குடும்பத்துப் பெரியவர், “சாப்பாடு பிரமாதம்மா! இப்படிச் சாப்பிட்டு எத்தனை நாளாச்சு!” என்று சொல்லி, ஒரு பெரிய நோட்டை மடித்துச் சிரிப்பக்காவின் கையில் திணித்தார். அவள் சிரித்தாள், கும்பிட்டாள், நோட்டை ஏப்ரன் பைக்குள் போட்டாள். நிமிர்ந்தால், சமையலறையிலிருந்து தட்டு வாங்கும் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வியர்வை வழிய நாத்தனாரின் முகம்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்ததுமே ஆரம்பித்தது.

“அண்ணி, அவர் பிரமாதம்னு சொன்னது எதை?”

“சாப்பாட்டைத்தான்.”

“சமைச்சது யாரு?”

சிரிப்பக்காவுக்கு விஷயம் புரிந்தது. பையிலிருந்து கொஞ்சம் காசை எடுத்து நீட்டினாள். “இந்தா, வச்சுக்க. இதுக்குப் போயி மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கணுமா?”

அதுதான் வினையாயிற்று. நாத்தனார் நீட்டிய கையையே பார்த்தாள். “என்ன அண்ணி, பிச்சை போடுறீங்களா? அடுப்புல வேகுறது நான். கத்தி பட்டு, எண்ணெய் தெறிச்சு, இந்தக் கையைப் பாருங்க. அங்க வந்து ஒரு சிரிப்பு சிரிச்சுட்டு நீங்க அள்ளிக்கறீங்க.”

“ஓ, நான் சும்மா சிரிக்கறேனா? ஒரு நாள் நீ வந்து சிரிச்சுப் பாரேன். கோவக்காரன், குடிகாரன், எச்சிக்கையால காக்கா ஓட்டாதவன் எல்லாரையும் பார்த்துச் சிரிச்சுப் பாரு, தெரியும்!”

பஸ் முழுக்க இவர்களைத் திரும்பிப் பார்த்தது. மறுநாள் நாத்தனார் ஒரு பஸ் முன்னாடியே போய்விட்டாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஏறி இறங்கியது லிஃப்ட் மெக்கானிக்கான புருஷன்தான். “ஊர்ல இருக்கற லிஃப்டையெல்லாம் சரி பண்றேன். நம்ம வீட்டு மாடிப்படிதான் ரிப்பேர் ஆகிப்போச்சு” என்று புலம்பினான். அவனுக்கு மேலேயும் பரிந்து பேச வாயில்லை, கீழேயும் இல்லை.

அடுத்த வாரம் நாத்தனார் நேராக முதலாளி முன்னால் போய் நின்றாள். ஆஸ்பத்திரி கேன்டீனில் கூப்பிடுகிறார்கள், சம்பளம் கூட, மாசம் முடிந்ததும் கிளம்புகிறேன் என்றாள். பின்னாலேயே பாத்திரம் கழுவுகிறவர் வந்து நின்றார். முழங்கைவரை சோப்பு நுரையோடு திரிகிறவர் என்பதால் அவர் பெயர் ‘நுரை’. “தங்கச்சி போனா நானும் போறேங்க” என்றார்.

முதலாளி நல்ல மனிதர், ஆனால் பயந்த சுபாவம். அடுப்பு அணைந்த மாதிரி அவருக்கு அப்போதே கண் இருட்டியது. ராத்திரியெல்லாம் யோசித்துவிட்டு மறுநாள் மதியக் கூட்டம் ஓய்ந்ததும் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“இனிமே நம்ம கடையில டிப்ஸ் கிடையாது” என்றார். “சாப்பாட்டு விலையைக் கொஞ்சம் ஏத்தறேன். எல்லாருக்கும் சம்பளத்தை ஏத்தறேன். உள்ளே இருக்கறவங்களுக்குக் கொஞ்சம் கூடுதலா ஏறும், ஏன்னா அவங்களுக்கு இதுவரைக்கும் ஒண்ணுமே வரல. மூணு மாசம் பார்ப்போம். சரியா வரலேன்னா பழையபடியே ஆக்கிடலாம்.”

சிரிப்பக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. “நல்லா இருக்கே கதை! நான் சம்பாதிச்சதை எடுத்து ஊருக்குப் பங்கு போடுறீங்களா?”

“நீங்க மட்டுமா அக்கா சம்பாதிச்சீங்க?” என்று நுரை மெதுவாகக் கேட்டார். “தட்டு சுத்தமா இல்லேன்னா நீங்க சிரிச்சாலும் குடுப்பாங்களா?”

“அழுக்குத் தட்டைக்கூடச் சிரிச்சுச் சமாளிச்சிருக்கேன் அண்ணே, உங்களுக்குத் தெரியாது!”

புயல் மட்டும் மெதுவாகக் கையைத் தூக்கினான். “எனக்கு இதுவரைக்கும் டிப்ஸே வந்ததில்ல. எனக்குச் சம்பளம் ஏறுதுன்னா, நான் இதுக்கு ஒத்துக்கறேன்.” எல்லோரும் சிரித்துவிட்டார்கள், சிரிப்பக்காவைத் தவிர.

மறுநாளே கல்லாவுக்கு மேலே பலகை ஏறிவிட்டது. ‘இங்கே டிப்ஸ் வாங்குவதில்லை. பில்லில் உள்ளதைக் கொடுத்தால் போதும்.’

போதும் என்றால் யார் கேட்கிறார்கள்? முதல் வாரம் பெரிய கூத்தாகிவிட்டது. வாங்காதே என்றதும் கொடுத்தே தீருவது என்று ஜனங்கள் கங்கணம் கட்டிக்கொண்டார்கள். ஒரு வயதான அம்மாள் சர்க்கரைக் கிண்ணத்துக்குள் காசைப் புதைத்துவிட்டுப் போனார். அடுத்து உட்கார்ந்தவர் காபியில் அள்ளிப் போட்டுக் கலக்கினார், டங்கென்று சத்தம் கேட்டது. ஒருவர் நோட்டைச் சுருட்டி ரொட்டிக்குள் செருகி வைத்திருந்தார். நுரை அதைத் தொட்டியிலிருந்து எடுத்து, துணி காயப்போடுகிற மாதிரி கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டார். முதலாளியோ கொள்கையை விடுவதாக இல்லை. தட்டில் காசைப் பார்த்துவிட்டால் போதும், அதை எடுத்துக்கொண்டு, “சார்! நில்லுங்க சார்!” என்று தெருவில் ஓடுவார். சாப்பிட்ட மனிதர் ஏதோ பணம் கட்டாமல் கம்பி நீட்டுவதாக நினைத்து, தெருவே அவரை மடக்கிப் பிடிக்கும். திருடன் பட்டம் வாங்கிக்கொண்டு டிப்ஸைத் திரும்பப் பெற்றுக்கொண்ட மனிதர்கள் அதற்கப்புறம் டிப்ஸ் வைக்கவில்லை.

சிரிப்பக்கா எல்லாவற்றையும் உர்ரென்று பார்த்துக்கொண்டிருந்தாள். வேலையில் குறை வைக்கவில்லை. சூடு ஆறாமல் தட்டு வந்தது, தண்ணீர் கேட்காமலே நிரம்பியது. வாய் வேலையை மட்டும் நிறுத்திவிட்டாள். விசேஷம் என்னவென்றால், சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் தாடை வலிக்கவில்லை. இத்தனை நாள் தாடை வலித்துக்கொண்டிருந்தது என்பதே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

அந்த வாரக் கடைசியில் மதியம் நல்ல கூட்டம். டிரைவிங் ஸ்கூல்காரர் மூன்று மாணவர்களோடு வந்து, வழக்கமான ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்தார். காலையிலிருந்து நின்று நின்று சிரிப்பக்காவுக்குக் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது.

“நேத்து ஒருத்தர் வந்தாரும்மா” என்று ஆரம்பித்தார். “கண்ணாடியைப் பாருங்கன்னேன். பார்த்தாரு. பார்த்துட்டு, ‘சீப்பு இருக்கா சார்?’ங்கறாரு!”

சிரிப்பக்கா நின்றாள். குறிப்பெடுக்கும் பேனா கையில் இருந்தது. சிரிப்பு வரவில்லை. அவள் வரவழைக்கவும் இல்லை.

அவர் கொஞ்சம் காத்திருந்தார். கேட்கவில்லையோ என்று நினைத்து, “சீப்பு... சீப்பு இருக்காங்கறாரு” என்று இன்னொரு தடவை எடுத்துக் கொடுத்தார்.

“கேட்டுச்சு சார். போன வாரமும் சொன்னீங்க. சூப் கொண்டு வரட்டுமா?”

“போன வாரம் சிரிச்சீங்களே?”

“போன வாரம் டிப்ஸ் இருந்துச்சு சார்.”

சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பக்கத்து மேஜைகளில் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. மாணவர்களில் ஒருவன் அடக்க முடியாமல் ‘க்ளுக்’ என்றான். மனிதரின் முகத்தில் ஈயாடவில்லை. சூப்பைக் குடித்தார், பில்லைக் கட்டினார், சட்டைப் பை விசிலை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டு எழுந்து போனார்.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ஜன்னலோர மேஜை காலியாகக் கிடந்தது. முதலாளி அதைக் கடந்து போகும்போதெல்லாம் ஒரு பெருமூச்சு விட்டார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது சிரிப்பக்காவுக்கு.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தாள். யாரோ பக்கத்தில் வந்து நின்றார்கள். நாத்தனார்.

“அந்த டிரைவிங் ஸ்கூல்காரர்கிட்ட ஏதோ சொல்லிட்டீங்களாமே? புயல் சொன்னான்.”

“ஆமா. அதுக்கும் சேர்த்துச் சந்தோஷப்பட்டுக்க.”

“சந்தோஷப்பட வரல அண்ணி. தெரிஞ்சுக்கலாம்னு கேக்கறேன். அவர் என்னதான் ஜோக் சொன்னாரு?”

“அதை நான் வேற சொல்லணுமா? அறுதப் பழசு.”

“எனக்கு எப்படித் தெரியும்? அந்தச் சுவருக்குப் பின்னாடி எனக்குப் புகைபோக்கி ஃபேன் சத்தம்தானே கேக்குது? நீங்க எல்லாரும் சிரிக்கிறது கேக்கும். எதுக்குன்னு ஒரு நாளும் கேட்டதில்ல.”

பஸ் வந்தது. இரண்டு பேரும் ஏறி, பழைய பழக்கத்தில் ஒரே இருக்கையில் உட்கார்ந்துவிட்டார்கள். சிரிப்பக்கா வேண்டாவெறுப்பாக அந்தச் சீப்பு ஜோக்கைச் சொன்னாள். நாத்தனார் ஒரு வினாடி அப்படியே இருந்தாள். பிறகு மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அப்புறம் தோள் குலுங்கியது. அப்புறம் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

“சீப்பு... ஐயோ அண்ணி... வேற, வேற என்ன சொல்வாரு?”

“ஒருத்தன்கிட்ட பிரேக் எங்க இருக்குன்னு கேட்டாராம். ‘உங்க கால்லதான் சார் இருக்கு. என்னை எங்க மிதிக்க விட்டீங்க?’ன்னானாம்.”

நாத்தனார் இருக்கையிலிருந்து வழுக்கினாள்.

“ஒரு பேங்க் ஆபீசர் விளக்குக் கம்பத்துல மோதிட்டாராம். ஏன் சார்னு கேட்டா, ‘ஹாரன் அடிச்சேன், அது நகரவே இல்ல’ன்னாராம்.”

இதற்குள் பின்சீட்டுக்காரரும் சிரிக்க ஆரம்பித்திருந்தார். சிரிப்பக்கா சொல்லச் சொல்ல, தான் சொல்கிற நயத்தில் தனக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்ததை உணர்ந்தாள். வரவழைத்த சிரிப்பு அல்ல, தெற்றுப்பல் தெரிய, மூச்சு முட்ட, அடக்க அடக்கப் பீறிட்டு வருகிற சிரிப்பு. இறங்க வேண்டிய இடம் எப்போதோ பின்னால் போய்விட்டது. டிப்போவுக்கு முந்தின நிறுத்தத்தில் இறங்கி, இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தார்கள். வழியில் நாத்தனார், “அந்த மனுஷனை வருத்தப்பட விடக்கூடாது அண்ணி. இவ்வளவு நல்ல சரக்கை வச்சிருக்காரு” என்றாள்.

வார விடுமுறையன்று இரண்டு பேரும் டிரைவிங் ஸ்கூலுக்குப் போனார்கள். அது ஒரு காலி மைதானம். சிவப்புக் கூம்புகள் வரிசையாக நின்றன, அவற்றில் பாதி நசுங்கியிருந்தன. ஓரத்தில் தகரக் கூரைக்குக் கீழே அவர் டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு, காய்ந்துபோன ரொட்டியை மென்றுகொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் டப்பாவை மூடினார்.

“சார், அன்னிக்கு நான் பேசினது தப்பு. மன்னிச்சுக்குங்க” என்றாள் சிரிப்பக்கா.

“அது இருக்கட்டும். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இத்தனை வருஷமும் சிரிச்சதெல்லாம் காசுக்குத்தானா?”

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வேலைக்காரிக்கு அது பெரிய காரியம் இல்லை. ஆனால் அவர் கேட்ட விதத்தில் பொய் வரவில்லை. “ஒவ்வொரு ஜோக்குக்கும் முதல் தடவை நிஜமாவே சிரிச்சேன் சார். ரெண்டாவது தடவையிலேருந்துதான் காசுக்கு.”

அவர் வழுக்கையைத் தடவிக்கொண்டார். “அப்படிப் பார்த்தா, நிஜமா சிரிச்சு ரொம்ப வருஷம் ஆகியிருக்கும்.”

“ஆமா சார். புதுசு ஒண்ணும் வரலையே.”

“நானும் யோசிச்சேன்ம்மா” என்றார் அவர். “வீட்டுல நான் வாயைத் திறந்தா டிவி சத்தத்தைக் கூட்டறாங்க. உங்க கடைக்கு வந்தா ஒரு ஆள் சிரிக்குது. அந்த ஆசையில நோட்டை வச்சேன். அது டிப்ஸ் இல்ல, டிக்கெட்! என்ன ஒண்ணு, வழக்கமா பாக்கறவன்தான் டிக்கெட் எடுப்பான். இங்க கூத்தாடினவனே எடுத்திருக்கேன்.”

நாத்தனாருக்கு அதற்கே சிரிப்பு வந்துவிட்டது. ‘இது யார்?’ என்பது போல் அவர் அவளைப் பார்த்தார்.

“நான்தான் சார் உங்க மீனைப் பொரிக்கிறவ. உங்க ஜோக்கையெல்லாம் அண்ணி முந்தாநாள்தான் சொன்னாங்க. பஸ்ல சிரிச்சுச் சிரிச்சு, இறங்கற இடத்தையே விட்டுட்டோம்.”

“எந்த ஜோக்?”

“பிரேக் ஜோக்.”

“அதை அவங்க எப்படிச் சொன்னாங்க? ‘உங்க கால்ல’ன்னு சொல்றப்ப நிறுத்தினாங்களா? நிறுத்தணும். நிறுத்தினாத்தான் எடுபடும்” என்று சொல்லி எழுந்து நின்று, காலால் மிதித்துக் காட்டி, முழுசாகச் சொன்னார். நாத்தனார் கூம்பு ஒன்றின் மேல் உட்கார்ந்து அதையும் நசுக்கிவிட்டாள்.

மறுநாளிலிருந்து அவர் பழையபடி வர ஆரம்பித்தார். ஆனால் ஜன்னலோர மேஜை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தட்டு வாங்கும் ஜன்னலுக்குப் பக்கத்து மேஜையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். நாத்தனாரும் அவர் வந்தால் புகைபோக்கி ஃபேனைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைப்பாள். பழைய ஜோக்குகள் உள்ளே போயின, புதியவை சிரிப்பக்காவுக்கு வந்தன. அவற்றில் பெரும்பாலானவை தேறாத கேஸ்கள்.

“இது சரியில்ல சார்.”

“கொஞ்சம்கூடவா?”

“முடிவு முன்னாடியே தெரிஞ்சிடுது. மீனா, கோழியா, என்ன கொண்டு வர?”

இப்படிக் கறாராகப் பேசுவது அவளுக்கே ருசியாக இருந்தது. ஆச்சரியம் என்னவென்றால் அவருக்கும் அது பிடித்திருந்தது. ராத்திரி உட்கார்ந்து யோசிக்கிறேன் என்றார்.

ஒரு நாள் அவர் ஜோக் எதுவும் சொல்லாமல், முகம் சிவக்க வந்து உட்கார்ந்தார். “அநியாயம்மா! நிறுத்தக்கூடாத இடத்துல வண்டியை நிறுத்தினேனாம். அஞ்சே நிமிஷம். அபராதம் போட்டுட்டான் போலீஸ்காரன். யாருன்னு பார்த்தா என்கிட்ட வண்டி பழகினவன்! ரெண்டு தடவை ஃபெயிலாகி, நானே கையைப் பிடிச்சு பாஸ் பண்ண வச்சவன்! ‘டேய், என்னைத் தெரியலையா?’ன்னேன். ‘தெரியுது சார். போர்டைப் பார்க்காம வண்டியை நிறுத்தாதேன்னு நீங்கதானே மண்டையில கொட்டிக் கொட்டிச் சொன்னீங்க?’ன்னுட்டு, சீட்டைக் கையில குடுத்து, ஒரு கொட்டும் வச்சுட்டுப் போறான்மா!”

சிரிப்பக்கா தண்ணீர் ஜக்கை அப்படியே மேஜையில் வைத்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, எதிர் நாற்காலியில் உட்கார்ந்தே விட்டாள். வேலை நேரத்தில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. ஜன்னலுக்குள்ளிருந்து நாத்தனாரின் சத்தம், அவளுக்குப் பின்னால் நுரையின் சத்தம், எல்லாம் கேட்டன.

“இதுல சிரிக்க என்ன இருக்கு?” என்று அவர் கத்தினார். கத்திவிட்டு, அவளை உற்றுப் பார்த்தார். கோபம் மெல்ல மெல்ல வடிந்து, முகமெல்லாம் வெளிச்சமாயிற்று. “நிஜமாவா?”

“சத்தியமா சார்” என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. அவர் அபராதச் சீட்டை மடித்து, பரிசு வாங்கினவர் மாதிரி பத்திரமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மூன்று மாசம் முடிந்தது. நடுவில் விடாமல் மழை பெய்து, கடையில் ஈ ஓட்டிய நாட்களும் வந்து போயின. வேறு சமயமாக இருந்தால் அந்த நாட்களில் சிரிப்பக்கா வெறுங்கையோடுதான் வீட்டுக்குப் போயிருப்பாள். இந்தத் தடவை சம்பளம் குறையாமல் வந்தது. அதை அவள் கவனிக்காமல் இல்லை. ஆனாலும் முதலாளி கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டபோது, உள்ளதைச் சொன்னாள்.

“பழையபடி டிப்ஸ் வேணும்னு கேக்க மாட்டேன். தாடைக்கு ஓய்வு கிடைச்சிருக்கு. ஆனா எனக்கு வர்றது முன்னைவிடக் கம்மிதான் முதலாளி. நல்லா வேலை செய்யறவளுக்குக் கம்மியாகறது என்ன நியாயம்?”

முதலாளி கையைப் பிசைந்தார். அப்போது நாத்தனார் எழுந்தாள். என்ன சொல்லப் போகிறாளோ என்று சிரிப்பக்கா அவளையே பார்த்தாள்.

“அண்ணி சொல்றது சரிதான். போன வாரம் புயலுக்குக் காய்ச்சல்னு ஒரு மதியம் நான் வெளியே வந்து பரிமாறினேன்ல? ஒருத்தர் ஆம்லெட்டை மூணு தடவை திருப்பி அனுப்பினாரு. மூணாவது தடவை அவர் தலையிலேயே வச்சிருப்பேன். அண்ணி வந்து நடுவுல பூந்து காப்பாத்தினாங்க. அதுக்கும் ஒரு விலை உண்டு. அவங்களுக்கு ஏத்துங்க. இல்லேன்னா ஆஸ்பத்திரி கேன்டீன்ல இன்னும் கூப்பிட்டுட்டுத்தான் இருக்காங்க.”

“தங்கச்சி போனா...” என்று நுரை ஆரம்பித்தார்.

“போதும், போதும்! ஏத்தறேன்” என்றார் முதலாளி. கேட்டது முழுசும் கிடைக்கவில்லை. பேரம் பேசி முக்கால்வாசி கிடைத்தது. பலகை அங்கேயே இருந்தது.

ஏறின சம்பளம் வந்த மாசத்து விடுமுறை நாளில், வெளியே போய்ச் சாப்பிடலாம் என்று சிரிப்பக்காவே சொன்னாள். புருஷன், அவள், நாத்தனார், மூன்று பேரும் ஊரின் மறுகோடியில் யாருக்கும் தங்களைத் தெரியாத உணவகம் ஒன்றில் போய் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்து சாப்பிடுவது சிரிப்பக்காவுக்குக் கூச்சமாக இருந்தது. பக்கத்து மேஜையில் தண்ணீர் தீர்ந்தால் இவள் எழுந்திருக்கப் பார்த்தாள். புருஷன் கையைப் பிடித்து உட்காரவைத்தான். பரிமாற வந்த சின்னப் பெண்ணிடம் அவன் தன் லிஃப்ட் ஜோக் ஒன்றை எடுத்துவிட்டான். அந்தப் பெண் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

“பார்த்தியா? நீ ஒரு நாளாவது இப்படிச் சிரிச்சிருக்கியா?” என்றான்.

அந்தப் பெண் திரும்பி நின்று தாடையைத் தேய்த்துக்கொண்டதைச் சிரிப்பக்கா மட்டும்தான் பார்த்தாள்.

பில் வந்தது. கல்லாவுக்கு மேல் பலகை எதுவும் இல்லாத கடை. சிரிப்பக்கா பர்ஸைத் திறந்து ஒரு பெரிய நோட்டை எடுத்தாள்.

“எதுக்கு அண்ணி இவ்வளவு?”

“பாவம்டி, நல்லாச் சிரிச்சா.”

“அப்ப சமைச்சவங்க?” என்று நாத்தனார் தன் பர்ஸைத் திறந்தாள். அதே அளவு நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவர்கள் தடுப்பதற்குள், ‘ஊழியர்களுக்கு மட்டும்’ என்று எழுதியிருந்த கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பிறகு உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்தது. யாரோ உரக்கப் பேசினார்கள். கதவு திறந்து நாத்தனார் வேக வேகமாக வெளியே வந்தாள். பின்னாலேயே வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு தடித்த மனிதர், கையில் அதே நோட்டோடு.

“என்னடி பண்ணின?” என்றாள் சிரிப்பக்கா.

“காசைக் குடுத்தேன் அண்ணி. ரொம்ப சந்தோஷமா வாங்கிக்கிட்டாரு. போற போக்குல, மீன்ல உப்பு கொஞ்சம் கம்மி, எண்ணெய் இன்னும் காயணும்னு சொன்னேன். ‘நீயும் வேணாம், உன் காசும் வேணாம்’னு திருப்பிக் குடுக்க வர்றாரு. எழுந்திருங்க, சீக்கிரம்!”

மூன்று பேரும் கதவைத் தள்ளிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். பின்னாலிருந்து, “ஏம்மா! நில்லும்மா! இந்தக் காசை எடுத்துட்டுப் போம்மா!” என்று குரல் வந்துகொண்டே இருந்தது. லிஃப்ட் மெக்கானிக் முன்னால் ஓடினான். சிரிப்பக்காவால் ஓட முடியவில்லை. சிரிப்பு தாங்காமல் ஒரு கடைச் சுவரில் சாய்ந்து நின்றுவிட்டாள். சமையல்காரர் மூச்சிரைக்க அவள் முன்னால் வந்து நின்று நோட்டை நீட்டினார். அவள் தலையை மட்டும் ஆட்டி ஆட்டிச் சிரித்தாள். அவரும் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு, என்ன நினைத்துக்கொண்டாரோ, நோட்டைத் தொப்பிக்குள் செருகிக்கொண்டு, “உப்பு நிஜமாவே கம்மியாம்மா?” என்று கேட்டார்.